கெட்ட கனவுக்கு மூவ்மெண்ட் ஆர்டர்

பெறுநர்: மருத்துவ வாரியத் தலைவர் அவர்கள்
பொருள்: ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது குறித்து மேல்முறையீடு

ஐயா,

என் வீட்டுக்காரரின் மனப்பதற்றமும் தூக்கமின்மையும் 'படைப்பணியால் வந்ததும் இல்லை, படைப்பணியால் கூடியதும் இல்லை' என்ற தங்கள் முடிவு கிடைத்தது. ஒரே வரி. ஒரு ஹவில்தாரின் இருபது வருஷ சர்வீசுக்கு ஒரு வரி தாராளம்தான்.

காரணம் தாங்கள் எழுதாததால் வீட்டில் நாங்களே தேடினோம். கடற்காற்றோ? நான் வைக்கும் சாளைக் குழம்போ? மாமியார், "ஆரோ கண்ணு வச்சிருக்கு மக்களே, அம்மைக்கு மண்டையப்பம் நேந்துக்கோ" என்றார். தலைநோவுக்கு மண்டையப்பம் படைப்பது மண்டைக்காட்டுப் பகவதி கோயில் வழக்கம். படைத்தோம். நோவு எந்தப் பணியிடத்தில் தொடங்கியது என்று அம்மன் சான்று கேட்கவில்லை.

கோயிலில் வெடி வழிபாடு நடக்கும்போது இவரைப் பார்க்கவேண்டும். வெடி முழங்கியதும் திண்ணையிலிருந்து தரையில் குப்புற விழுவார். கை தானாகத் துப்பாக்கியைத் துழாவும். பிறகு, செருப்பைத் தேடியதுபோல் நடித்துக்கொண்டு எழுந்து வேட்டியைத் தட்டுவார். இதை நாங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கவில்லை.

'நோய் தொடங்கிய இடம்: அமைதி நிலையம்', அதாவது சண்டையில்லாத பணியிடம், என்று படிவத்தில் குறித்திருக்கிறீர்கள். உண்மைதான். காஷ்மீரில் ராக்காவல் நின்றபோது தூங்கவே விடவில்லை, கனவு எப்படி வரும்? இனிமேல் கெட்ட கனவுக்கும் மூவ்மெண்ட் ஆர்டர் போட்டு, எல்லையிலேயே ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்கள்.

ஊனம் 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்கிறீர்கள். 20-ஐத் தொட்டால்தான் பென்ஷன். தொட்டுவிட்டால் 50 என்று கணக்கிடவேண்டும் என்பது ராம் அவதார் வழக்கில் 2014-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இவருக்குத் தாங்கள் போட்டது 19. அந்த ஒரு விழுக்காட்டை எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்று குளச்சல் மீன் சந்தையில் கேட்கிறார்கள்.

அதே குளச்சலில்தான் 1741-இல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அந்த வெற்றியை ஒன்பதாம் மெட்ராஸ் பட்டாலியன் இன்றும் கொண்டாடுகிறது. ஆக, வெற்றி மட்டும் படைப்பணியால் வந்தது. தூக்கம் போனது சிப்பாயின் சொந்தச் செலவு.

சட்டம் பேசினால் கோபிக்கக்கூடாது. சேரும்போது நோய் எதுவும் பதிவாகாதவர் உடலாலும் மனதாலும் நலமாக இருந்தார் என்றே கொள்ளவேண்டும். நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. 1982-இன் ஓய்வூதிய விதிகளைப் படித்து, 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்த விதிகள் பிற்பாடு மாறின. இவர் அதற்கு முன்பே ஓய்வுபெற்றவர். மனச்சிதைவு என்று வெளியே அனுப்பப்பட்ட ஒரு படைவீரரின் வழக்கில், காரணம் எழுதாத வாரியக் கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்கமுடியாது என்று 2025 மே மாதம் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தாங்கள் மசியாவிட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயிலும் இருக்கிறது. இவருக்கு பெர்த் வேண்டாம், உட்கார்ந்தே விடியும்.

இப்படிக்கு,
ஹவில்தாரின் மனைவி, மண்டைக்காடு

இணைப்பு:
1. படையில் சேர்த்தபோது 'முழுத் தகுதி' என்று தாங்கள் தந்த சான்றின் நகல்.
2. தங்கள் ஒரு வரி.
3. காரணம் எழுத வெற்றுத்தாள், தபால்தலை ஒட்டிய உறையுடன்.