இடமாற்றம் பெறாத உத்தியோகத்தர்

இலங்கையில் ஓர் உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போவதற்கு ஒரு கிரமம் உண்டு. பிரியாவிடை வைபவம் வைக்க வேண்டும். கேக் வெட்டி, பற்றிஸும் கோப்பியும் பரிமாறி, நினைவுப் பரிசு கொடுத்துப் படம் எடுக்க வேண்டும். அலுமாரித் திறப்பு, இறப்பர் முத்திரை, கோப்புகள், ஸ்டேப்ளர் வரை பட்டியல் எழுதி, ஒப்படைத்தவரும் பொறுப்பேற்றவரும் கையொப்பம் வைக்க வேண்டும். வாசலில் இருக்கும் கைவிரல் அடையாள இயந்திரம் அவருடைய விரலை மறந்துவிடும். சம்பளப் பகுதி அதைவிட விரைவாக ஆளையே மறந்துவிடும். இவ்வளவும் முடிந்து அவர் பஸ் ஏறிய பிறகும் ஓர் இடத்தில் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவர் பாவித்த கணினியில் சி டிரைவைத் திறந்து ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறைக்குள் போய்ப் பாருங்கள். அவர் இருப்பார். அவருக்கு முன்பு இருந்தவரும் இருப்பார். பயிற்சிக்கென்று வந்து, போட்டோகொப்பி எடுத்தே காலத்தைக் கழித்துப் போன பட்டதாரிப் பிள்ளையும் இருப்பார். ஆறு பேருக்குச் சம்பளம் போகிற பகுதியில், கணினியின் கணக்குப்படி இருபது பேர் கடமையில் இருக்கிறார்கள்.

இந்த விவகாரத்தைப் பேச ஓர் ஊர் வேண்டும் என்பதால் மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்றான பல்லேபொலயை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு கற்பனை அலுவலகத்தை நிறுத்தி, நாலைந்து கணினிகளை வலையமைப்பில் இணைத்துவிடுவோம். எந்த அலுவலகம் என்று யாரும் தேடிப் போக வேண்டாம். உண்மையில் இருக்கிற எந்த அலுவலகத்தின் மீதும் எனக்கு முறைப்பாடு கிடையாது. சிறிய ஊருக்கு முதல் நியமனத்தில் வருகிறவர் வந்த வாரமே நகரத்துக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது நாடறிந்த வழக்கம் என்பதால்தான் இந்தத் தெரிவு. வலையமைப்பில் கணக்கு உள்ள ஒருவர் எந்தக் கணினியில் முதன்முறை உள்நுழைந்தாலும் அந்தக் கணினி அவருக்கென்று ஒரு குடித்தனமே போட்டுக் கொடுக்கிறது. டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், கண்ணுக்குத் தெரியாத ‘ஆப்டேட்டா’ எல்லாம் அதில் அடக்கம். இதற்குப் பெயர்தான் புரொஃபைல். போனவரின் டெஸ்க்டொப்பில் என்ன இருக்கும் என்று ஊகிக்கத் தனித் திறமை தேவையில்லை: ‘கடிதம்’, ‘கடிதம் இறுதி’, ‘கடிதம் இறுதி திருத்தியது’, ‘கடிதம் இறுதி இதுதான்’, பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று, தங்கையின் கல்யாண அழைப்பிதழ், ‘நியூ ஃபோல்டர்’, அதற்குள் இன்னொரு ‘நியூ ஃபோல்டர்’. அதையும் திறந்தால் ஒன்றும் இருக்காது.

இதைத் துப்புரவாக்க வின்டோஸிலேயே ஒரு விதி இருக்கிறது. விஸ்டா காலத்தில் வந்தது. இத்தனை நாளுக்கு மேல் பாவனையில் இல்லாத புரொஃபைல்களை, கணினி மறுதொடக்கமாகும்போது அழித்துவிடு என்று வலையமைப்பின் நிர்வாகி ஒருமுறை எழுதிவைத்தால் போதும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! தொண்ணூறு நாள் என்று போட்டுவிட்டு நிர்வாகி காத்திருக்கிறார். நூறு நாள் போகிறது, இருநூறு நாள் போகிறது. ஒரு புரொஃபைலும் அழியவில்லை. உலகமெங்கும் கணினி நிர்வாகிகள் தலையைச் சொறிந்த இடம் இது. காரணம் இதுதான். ‘பாவனையில் இல்லை’ என்பதை வின்டோஸ் நீண்ட காலம் தீர்மானித்து வந்தது, ஒவ்வொரு புரொஃபைலுக்குள்ளும் இருக்கும் ‘என்டியூசர்.டாட்’ என்ற கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்பதை வைத்து. ஆனால் அந்தக் கோப்பை ஆள் மட்டுமா தொடுகிறார்? வைரஸ் தடுப்பு மென்பொருள் தொடும். வின்டோஸின் புதுப்பிப்பு தொடும். அவற்றில் எது அந்தக் கோப்பின் திகதியை மாற்றிவிட்டுப் போனாலும், மூன்று வருடத்துக்கு முன் கண்டிக்குப் போனவர் நேற்றிரவு பல்லேபொலயில் வேலை செய்ததாகக் கணக்காகிவிடும். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை வருடப் பிறப்புக்குத் துடைத்து வைக்கிறோம் என்பதற்காக, அதில் தினமும் சோறு வடிக்கிறோம் என்று எழுதிக்கொள்வதைப் போன்ற கணக்கு இது.

பிறகு இதைத் திருத்தினார்கள். புதிய பதிப்புகளில் புரொஃபைல் எப்போது ஏற்றப்பட்டது, எப்போது இறக்கப்பட்டது என்ற நேரங்களை, வின்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தனியாகக் குறித்துவைக்கிறார்கள். அந்த நேரத்தை எழுதும் முறையை நினைத்தால் மரியாதை கலந்த சிரிப்பு வருகிறது. 1601ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து இன்றுவரை கடந்த காலத்தை, ஒரு நொடியைக் கோடித் துண்டாக்கி எண்ணி, வரும் எண்ணை இரண்டு பாதியாக வெட்டி வைக்கிறது வின்டோஸ். 1601இல் கண்டியில் முதலாம் விமலதர்மசூரியன் ஆண்டுகொண்டிருந்தான். கரையோரத்தில் போர்த்துக்கேயர் இருந்தார்கள். இடமாற்றமாகிப் போன ஒரு முகாமைத்துவ உத்தியோகத்தர் கடைசியாக எப்போது ‘சைன் அவுட்’ செய்தார் என்பதைக் கண்டுபிடிக்க விமலதர்மசூரியன் காலத்திலிருந்து எண்ணத் தொடங்குகிற இயந்திரத்தைக் கவனக்குறைவானது என்று யார் சொல்ல முடியும்? ஆனாலும் விதி நிறைவேற ஒரு மறுதொடக்கம் வேண்டும். அலுவலகங்களில் நான்கேகால் மணிக்கு நடப்பது மொனிட்டரின் பொத்தானை அமர்த்துவது. முறைப்படி ‘ஷட்டவுன்’ கொடுத்தாலும், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினி முழுசாக அணைவதில்லை. கருவை மட்டும் உறையவைத்துவிட்டுக் காலையில் விட்ட இடத்திலிருந்து எழுகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்ததே, அந்த நாட்களில் நாட்டின் கணினிகள் பலவும் கட்டாய மறுதொடக்கம் கண்டிருக்கும். வேறு எதற்கும் அந்த மின்வெட்டை நான் மெச்ச மாட்டேன்.

என் வாதத்துக்கு வருகிறேன். கோளாறு கடிகாரத்தின் துல்லியத்தில் இல்லை. கடிகாரத்தை எவ்வளவு திருத்தினாலும் இந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. ஏனென்றால் ‘இவர் இங்கே இன்னும் வேலை செய்கிறாரா’ என்பது காலத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. பிரசவ விடுமுறையில் போன ஒரு பெண் தொண்ணூறாவது நாளில் கணினியின் கணக்குப்படி பழைய ஆள். திரும்பி வரும்போது அவருடைய டெஸ்க்டொப் துடைத்த பலகையாக இருக்கும். மறுபக்கம், போனவருடைய கணக்கில்தான் பிரிண்டர் சரியாக வேலை செய்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைப் பார்த்து அடித்து, முழு அலுவலகமும் அவர் பெயரில் உள்நுழைந்து கடிதம் அச்சிடுகிறது. கடிகாரத்துக்கு அவர்தான் ஊழியர்களிலேயே சுறுசுறுப்பானவர். மதர்போர்டின் சின்ன பற்றரி செத்து, கணினி தன்னைப் பத்து வருடம் பின்னால் நினைத்துக்கொள்கிற நாளில் ஒருவர் உள்நுழைந்து வெளியேறினால், விதியின் கணக்கை அப்படியே தொடர்ந்தால், நேரம் திருத்தப்பட்ட மறுநாள் அவரும் பத்து வருடப் பழசு. அலுவலகத்தில் இந்தக் கேள்விக்குத் துல்லியமாகப் பதில் தெரிந்த ஒரு பத்திரம் ஏற்கெனவே இருக்கிறது: சம்பளப் பட்டியல். போனவருக்கு ஒரு மாதம்கூடத் தவறுதலாகச் சம்பளம் போட்டுவிடாத அதே அலுவலகம்தான், அவருக்கு ஐந்து வருடமாக ஐம்பது ஜிகாபைட் இடம் கொடுத்து வைத்திருக்கிறது. ஆகவே புரொஃபைலை அழிக்கும் ஆணை வர வேண்டியது இடமாற்றக் கடிதத்திலிருந்து. திறப்பும் முத்திரையும் எழுதுகிற அதே ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரி கூடினால் போதும்: அலுவலகக் கோப்புகள் பொதுக் கோப்புறைக்கு மாற்றப்பட்டன, கணக்கு முடக்கப்பட்டது, புரொஃபைலை இன்ன திகதியில் நீக்கலாம்.

“இதற்கு இவ்வளவு வாதம் எதற்கு, யூசர்ஸுக்குள் போய்ப் பழைய பெயர்களை டிலீட் பண்ணினால் முடிந்தது” என்பவர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் உண்டு. பெரும்பாலும் நல்ல மனிதராகவும் இருப்பார். அவர் அழிப்பது வீட்டை. வீட்டுப் பதிவு ரெஜிஸ்ட்ரியில் ‘புரொஃபைல்லிஸ்ட்’ என்ற இடத்தில் அப்படியே இருக்கும். அந்த ஆள் என்றோ ஒருநாள் பதில் கடமைக்குத் திரும்பி வந்து உள்நுழைந்தால், வின்டோஸ் பதிவைப் பார்க்கும், வீட்டைத் தேடும், காணாமல் திகைத்து அவரைத் தற்காலிகப் புரொஃபைல் ஒன்றில் குடியேற்றும். நாள் முழுக்க அவர் அங்கே சேமித்ததெல்லாம் வெளியேறும்போது காற்றோடு போகும். அதற்கு ஒரு சிறு எச்சரிக்கையும் காட்டும். அதை வாசிக்கிறவர் யார்? கணினியின் ‘சிஸ்டம்’ அமைப்புக்குள் உள்ள பயனர் புரொஃபைல் பட்டியலில் பெயரைத் தெரிவுசெய்து நீக்கினால் வீடும் பதிவும் சேர்ந்தே போகும். பல கணினிகள் என்றால் ‘டெல்ப்ரொஃப்2’ போன்ற இலவசக் கருவி இருக்கிறது. பெயர் விஷயத்திலும் ஒரு சங்கடம். பண்டார என்ற பெயர் மாத்தளைப் பக்கம் எவ்வளவு சாதாரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பண்டாரவின் கோப்புறை கிடக்க, அதே பயனர் பெயரில் புதிய பண்டார வந்தால் கணினி அவருக்குப் பெயரின் பின்னால் வலையமைப்பின் பெயரை ஒட்டும், அதுவும் போதாவிட்டால் .000, .001 என்று இலக்கம் போடும். விமலதர்மசூரியன் என்று அரசர் இருவர் இருந்தார்கள். நாமும் முதலாம், இரண்டாம் என்றுதான் சமாளித்தோம், ஆகவே இதில் இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

வலுவான ஆட்சேபம் சட்டத்திலிருந்து வருகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், புதிதாக உருவாகும் பதிவேடுகளைப் பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாமல் பாதுகாக்கச் சொல்கிறது. “அப்படியிருக்க ஒருவருடைய புரொஃபைலைத் துடைத்தால், நாளை யாராவது தகவல் கேட்டு எழுதினால் எங்கே போவது?” நியாயமான பயம். 2023இல் அரச மேகக் கணிமை மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்து, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், ஏறத்தாழ 5,000 முகவரிகளில், மீளாமல் போயின. பிரதியும் அதே தாக்குதலில் மாட்டியதே காரணம். அஞ்சலை அவுட்லுக்கில் இறக்கிவைத்திருந்த சில கணினிகளில், யாரோ ஒருவருடைய புரொஃபைலுக்குள், அவற்றின் நகல் தப்பியிருக்கக்கூடும். இதை என் வாதத்துக்கு எதிராக நானே எடுத்துவைக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: மூன்றாம் நம்பர் கணினியில், போனவர் பெயரில், ‘நியூ ஃபோல்டருக்குள்’ இருக்கிற கடிதத்தைப் பதிவேடு என்று எந்தத் தகவல் அலுவலர் கண்டுபிடிப்பார்? அது பாதுகாக்கப்பட்டது என்று சொல்வதைவிட, இன்னும் தொலையவில்லை என்பதே பொருத்தம். அதோடு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கு மறுபக்கம் இழுக்கிறது: தேவை முடிந்த தனிப்பட்ட தரவை வைத்திருக்காதே என்கிறது. தங்கையின் அழைப்பிதழையும் காணிக் கடிதத்தையும் பிரித்தறியக் கணினிக்குத் தெரியாது, எழுதியவருக்குத் தெரியும். அவர் கடைசியாக அலுவலகத்தில் இருக்கும் நாள் பிரியாவிடை நாள்தான். கேக் வெட்டுமுன் அரை மணி நேரம் அவரைக் கணினி முன் உட்காரவைத்தால் இரண்டு சட்டத்துக்கும் பதில் கிடைத்துவிடும்.

மாத்தளைக்காரருக்கு இதைப் புரியவைப்பது கடினமாக இருக்கக் கூடாது. மாத்தளை நகரை அடுத்த அளுவிகாரையில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்வழியாக வந்த திரிபிடகத்தைப் பிக்குமார் ஓலையில் எழுதிவைத்தார்கள் என்பது மரபு. மனப்பாடமாகச் சுமந்தவர்கள் பஞ்சத்திலும் போரிலும் போய்விட்டால் உள்ளதும் போய்விடுமே என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. அறிவை ஆளிடமிருந்து வெளியே எடுத்துப் பொதுவில் வைத்த வேலை அது. அதிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில், இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகு, எழுத்தில் இருப்பதை மறுபடியும் ஓர் ஆளின் பெயருக்குள் போட்டுப் பூட்டுகிறோம். (1848 கிளர்ச்சியின்போது அளுவிகாரையின் சுவடிகளும் அழிந்தன. பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கச் சொல்லும் கணினிக்காரரை அலட்சியம் செய்கிறவர்கள் அதையும் நினைத்துக்கொள்ளலாம்.)

“இப்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க் மலிவு, கிடந்துவிட்டுப் போகட்டுமே” என்ற கடைசி ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி நிரம்பிய கணினியில் வின்டோஸின் புதுப்பிப்பு இறங்காது. புதுப்பிப்பு இறங்காத கணினி வலையமைப்புக்கே ஆபத்து. போதாததற்கு அந்தப் பழைய புரொஃபைல்களில் ப்ரவுசர் நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொற்கள் இருக்கின்றன. வலையமைப்பு நிர்வாகியே இல்லாத சிறிய அலுவலகம் என்றால்? ஒப்படைப்புப் பட்டியலுக்குப் பேனாவும் கடதாசியும் போதும். இந்த முறைக்கு அகப்படாத ஒரே ஒருவரை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: கணினி வந்த முதல் நாள், அதைப் பொருத்தித் தந்த கம்பனியின் டெக்னீஷியன் தனக்கென்று உருவாக்கிய கணக்கு. அவர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இருந்ததில்லை, இடமாற்றமும் பெற மாட்டார், பிரியாவிடையும் கிடையாது. கடவுச்சொல் அவருக்கே மறந்திருக்கும். அவருடைய கணக்கை அடுத்த முறை திருத்த வருகிறவரைக் கொண்டு முடக்கிவிட்டு, புரொஃபைலைத் தொண்ணூறு நாள் விதியிடம் ஒப்படைக்கலாம். அதற்கு மட்டும் யாராவது ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும்.