அனுமானத்தில் ஓடும் பஸ்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்து. கார்த்திகை தீபம் என்றால் ஆயிரக்கணக்கில். இந்தக் கூட்டத்தை ஏற்றி இறக்குவதில் பெரும்பங்கு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) லிமிடெட்டுக்கு. கடைசியில் உள்ள ‘லிமிடெட்’டைத் தவறவிடாதீர்கள். இது அரசுத் துறை அல்ல, கம்பெனி. இயக்குநர் குழு உண்டு, இருப்புநிலைக் குறிப்பு உண்டு, சி.ஏ.ஜி. நியமிக்கும் தணிக்கையாளர் உண்டு. ஒரு காலத்தில் தந்தை பெரியார் பெயரில் ஓடியது. 1997இல் தலைவர்கள் பெயரையெல்லாம் பஸ்களில் அழித்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதினார்கள். நஷ்டத்தை அழிக்கப் பெயிண்ட் போதவில்லை.

எவ்வளவு நஷ்டம்? 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்றது அது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரு பஸ் அண்ணாமலையை ஒருமுறை வலம் வந்தால் 828 ரூபாய் 10 காசு போச்சு. பாவம் கரையுமோ இல்லையோ, மூலதனம் கரையும். கரைந்தும்விட்டது. மாநிலத்தின் எட்டுப் போக்குவரத்துக் கழகங்களிலும் சேர்ந்துபோன நஷ்டம் போட்ட முதலைத் தின்று தீர்த்துப் பல காலமாகிறது.

முதலே இல்லாத கம்பெனி எப்படி ஓடுகிறது? இதற்கான பதில் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடப் புத்தகத்தில் இருக்கிறது: நிறுவனத் தொடர்ச்சி அனுமானம். கடையை நாளைக்கே மூடப் போவதில்லை, தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கு எழுதுவது. எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பிரித்தாலும் கணக்குக் கொள்கைகளின் தலைவாசலில் இது நிற்கும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 134ஆவது பிரிவு, இந்த அடிப்படையில்தான் கணக்கைத் தயாரித்தோம் என்று இயக்குநர்களை எழுதிக் கொடுக்கவும் சொல்கிறது. எழுதித் தருகிறார்கள். எழுதுவதற்கு என்ன, கிலோமீட்டருக்கு 59 ரூபாயா ஆகிறது?

திருவண்ணாமலைத் தலபுராணம் தெரியாதவர் இருக்க முடியாது. சோதியாய் நின்ற சிவனின் முடியைக் காணாமலேயே கண்டேன் என்றார் பிரம்மா. ஆமாம், நான் சாட்சி என்றது தாழம்பூ. பொய்ச்சாட்சி சொன்ன பாவத்துக்கு இன்றுவரை அதற்குச் சிவபூஜையில் இடமில்லை. நம் காலத்துத் தணிக்கையாளர்கள் தாழம்பூவைவிட விவரமானவர்கள். பொய் சொல்வதே இல்லை. முடியைக் காணவில்லை, அடியும் தட்டுப்படவில்லை, நிகர மதிப்பு முழுவதும் அரிக்கப்பட்டுவிட்டது என்று உண்மையை எழுதிவிடுகிறார்கள். அடுத்த வரியில், ‘ஆயினும் அரசின் ஆதரவு தொடரும் என்பதால்’ கண்டதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று முடிக்கிறார்கள். பொய்யும் இல்லை, சாபமும் இல்லை, அடுத்த ஆண்டும் அதே வரி.

அந்த ‘அரசின் ஆதரவை’க் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். டிக்கெட் விலையை நிர்ணயிப்பது கம்பெனி அல்ல, அரசு. 2018 ஜனவரி 20 அன்று ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் கொஞ்சம் குறைத்தார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் அதைத் தொடும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் வரவில்லை. சரி, ஏழை ஏறும் பஸ்தானே, விலையை ஏற்ற வேண்டாம். ஏற்றாத வித்தியாசத்தை யார் கொடுப்பது? அங்கேதான் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொள்கிறது. டீக்கடைப் பொருளாதார நிபுணர்கள் உடனே பெண்களின் இலவசப் பயணத்தைக் கைகாட்டுவார்கள். ஓர் அமைச்சரே 2022இல் மேடையில் ‘ஓசி’ என்று பேசிக் காட்டினார். அந்தத் திட்டம் வந்ததே 2021 மே மாதம்தான், அதற்கும் அரசு கழகங்களுக்குப் பணம் தருகிறது. நஷ்டமோ அதற்குப் பல பத்தாண்டு மூத்தது. களை பறித்துவிட்டு வெள்ளைப் பலகை பஸ்ஸில் ஏறும் கூலிக்காரப் பெண்ணின் தலையில் அதை ஏற்றிவைக்க வெட்கம் வேண்டாமா?

உண்மையில் கழகத்தைத் தொடரவைத்த ஆதரவு எங்கிருந்து வந்தது தெரியுமா? முப்பது ஆண்டு ஸ்டியரிங் பிடித்துவிட்டு டெப்போவில் மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவரிடமிருந்து. பணிக்கொடையை 30 நாளில் கொடுக்க வேண்டும் என்றது 1972ஆம் ஆண்டுச் சட்டம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் அதற்காக ஒன்றரை, இரண்டு வருடம் காத்திருப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஓய்வூதியர்களின் பஞ்சப்படி உயர்வையோ 2015இல் நிறுத்தினார்கள். அதற்காக ஓய்வுபெற்றவர்கள் கோர்ட் படி ஏறினார்கள், 2024 ஜனவரியில் வேலைநிறுத்தமே நடந்தது. பி.எஃப்.புக்கும் எல்.ஐ.சி.க்கும் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் என்று சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமல் டீசலுக்குத் திருப்பினார்கள் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசில் பௌர்ணமி ஸ்பெஷல் ஓடியிருக்கிறது. பக்தர்களுக்கு அந்தப் புண்ணியத்தில் பங்கு உண்டா என்று ஆகமம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இன்னொரு கடன்காரர் இருக்கிறார். அரசு பஸ் மோதிச் செத்தவரின் மனைவி. அரசுப் போக்குவரத்துக் கழகம் இன்சூரன்ஸ் எடுக்காமலே வண்டி ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. இழப்பீட்டுக்கெனத் தனி நிதி வைத்திருந்து அதிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிதி எந்த அழகில் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் யாரும் அறிவார்கள்: தீர்ப்பாகியும் பணம் தராததால் அரசு பஸ் ஜப்தி. கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, நோட்டீஸ் ஒட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார். கணக்கில் இதற்கு ‘உறுதியாகாத பொறுப்பு’ என்று ஒரு பெயர் உண்டு. புருஷனை எடுத்துப் புதைத்தவளுக்கு இதில் எது உறுதியாகவில்லை?

தனியார் கம்பெனி 1 கோடி ரூபாய் பாக்கி வைத்தால் கடன் கொடுத்தவர் அதைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். டைரக்டர்கள் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். இங்கே யாரும் இறங்குவதில்லை, பயணிகளைத் தவிர. கழகத்தை மூடு என்று நான் சொல்லவில்லை. மூடினால் ஜவ்வாது மலைக்காரர் போளூர் ஆஸ்பத்திரிக்கு எதில் வருவார்? பஸ் ஓடத்தான் வேண்டும். ஓட்டுகிற செலவைச் சட்டமன்றத்தில் பகிரங்கமாகப் பட்ஜெட்டில் வைத்து ஓட்டுங்கள். ரிட்டையரானவரின் மடியிலும் விதவையின் தீர்ப்பிலும் கைவைத்துவிட்டு அதற்கு அரசின் ஆதரவு என்று பெயர் சூட்டாதீர்கள்.

ஒரு கம்பெனி இன்னும் ஓராண்டில் கட்ட வேண்டிய கடனைக் கட்டும் நிலையில் இருக்கிறதா என்று தணிக்கையாளர் தனியாக எழுத வேண்டும் என்று 2020இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அதற்கு ஆதாரமாகக் கோட்டையிலிருந்து கடிதம் கேட்டு அலைய வேண்டியதில்லை. திருவண்ணாமலை டெப்போவில் போன வருஷம் ரிட்டையரான டிரைவர்கள் பட்டியலை எடுத்து, வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கி வாருங்கள். ஜாமீன் போட்டிருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களிடம்தான் இதுவரை யாரும் கேட்கவில்லை.