61 வயதும் 99 குதங்களும்

2022ஆம் ஆண்டு பிறந்தபோது நான் நடுத்தர வயதுக்காரன். அது முடிந்தபோது முதியவன். இடையில் ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. தலைமயிரும் புதிதாக நரைக்கவில்லை, நரைக்க மிச்சம் இருந்தால்தானே. அரச ஊழியர் 65 வயதுவரை வேலை செய்யலாம் என்று ஆண்டுத் தொடக்கத்தில் கொழும்பு சொன்னது. ஓகஸ்ட் கடைசியில் வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டம், இல்லை, 60 போதும் என்றது. அறுபதைத் தாண்டியவர்கள் டிசம்பர் 31உடன் வீட்டுக்கு. எனக்கு அப்போது 61. இன்னும் நாலு வருச இளமை பாக்கியிருக்கிறது என்று நம்பி ஒபிசுக்கு இரண்டு கால்சட்டை வேறு தைத்து வைத்திருந்தேன்.

நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரே இரவில் கிழவர்களானோம். அடுத்த நாட்களில் உள்துறைமுக வீதிக்கு விடிய நடக்கப் போனால், திருகோணமலையின் திணைக்களங்கள் அத்தனையும் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அங்கே வந்திருந்தன. காணிப் பகுதி முன்னால் கை வீசிப் போகிறது. கணக்குப் பகுதி மூச்சு வாங்கிக்கொண்டு மதிலில் இருக்கிறது. நீர்ப்பாசனம் ஒதுக்குப்புறமாக ஒரு மரத்தடியில் நிற்கிறது. முன்பெல்லாம் சந்தித்தால் இடமாற்றம், சம்பள உயர்வு பற்றிக் கதைத்தவர்கள், இப்போது "பாஸ்டிங் எவ்வளவு?" என்று கேட்டார்கள். சீனி அளவில் ஆகக் கூடிய எண்ணை வைத்திருப்பவருக்குத் தனி மரியாதை. சேவை மூப்புப் பட்டியல் அப்படியே கிளினிக் கொப்பிக்கு மாறிவிட்டது.

எனக்கு ஒரேயொரு விசயம்தான் பொறுக்கவில்லை. குடாவுக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பான்காரன் வந்து குண்டு போட்டபோதும் நின்றவை. பிறகு பெரும்பாலானவை பல காலம் வேலை வெட்டி இல்லாமல், துருப்பிடித்து, பற்றை வளர்ந்து கிடந்தன. அந்த 2022 ஜனவரியில்தான் அவற்றுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள்: 14 இந்தியக் கம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. என் அப்பாவின் வயதுடைய இரும்புப் பீப்பாய்களுக்குப் புது நியமனம். துருவே பிடிக்காத எனக்கு ஓய்வு. அந்த 61 என்ற எண்ணை வாசித்தபோது யாரோ வேண்டுமென்றே போட்டது போலத்தான் இருந்தது.

இத்தனை குதங்கள் இருக்கிற ஊரிலேயே அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைக்கு மட்டும் என்றாகிவிட்டது. எங்கள் திணைக்களம் அத்தியாவசியமில்லை என்பது எங்களுக்கு முன்பே தெரியும், அப்போதுதான் பகிரங்கமானது. வீட்டுக் கோடியில் கோழி ஏறிப் படுக்கிற பழைய லுமாலாச் சைக்கிளை இறக்கித் துடைத்தேன். கோழிக்குத்தான் மனவருத்தம். பிறகு கியூஆர் அட்டை வந்து, பெற்றோலும் வந்து, மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் திரும்ப வீதிக்கு வந்தன. நான் மட்டும் லுமாலாவை விட்டு இறங்கவில்லை. ஏறுவதற்குத்தான் இப்போது ஒரு மதிலோ படிக்கட்டோ வேண்டியிருக்கிறது. ஏறிவிட்டால் நான் இருபது வயதுக்காரன். ஆகையால் போகும் இடத்திலும் ஒரு மதில் இருக்கிறதா என்று யோசித்துத்தான் புறப்படுவேன்.

முழங்கால் நோவுக்குக் காட்டப் போனபோது டொக்டர் சொன்னது இது: "நடவுங்கோ ஐயா, ஆனா கன நடக்காதேங்கோ. படி ஏறாதேங்கோ, ஆனா சும்மாவும் இராதேங்கோ." திருகோணமலையில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? இங்கே கடவுளே மலை உச்சியில் அல்லவா இருக்கிறார். வெள்ளிக்கிழமை நாங்கள் நாலு ஓய்வூதியர்கள் கோணேசரிடம் போவோம். 1620களில் போர்த்துக்கீசன் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கட்டிய கோட்டைக்குள்ளால்தான் ஏற்றம். நாலு பேரில் ஒருவருக்கும் களைப்பு வருவதில்லை. ஆனால் நாலு பேருக்கும் மான்கள் மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் தாராளமாகத் திரிகின்றன; ஐம்பது அடிக்கு ஒன்று படுத்திருக்கும். "இந்தக் குட்டியைப் பாருங்கோ, என்ன வடிவு!" என்று ஒருவர் நிற்பார். மற்ற மூவரும் உடனே நின்று, மூச்சுச் சத்தம் அடங்கும்வரை அந்தக் குட்டியின் வடிவை ரசிப்போம். சிறுவயதில் இதே ஏற்றத்தில் ஓடி ஏறியிருக்கிறேன். அப்போது ஒரு மானையும் கண்டதாக ஞாபகமில்லை.

உச்சியில் இராவணன் வெட்டு. கோபத்தில் இராவணன் வாளால் பிளந்தது என்பார்கள். அதன் பக்கத்தில் நின்று பாதாளத்தைப் பார்த்தபடி நாங்கள் நீண்ட நேரம் கைகூப்பி நிற்போம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நல்ல பக்திமான்களாகத் தெரிவோம். அதே இராவணன், தாயின் ஈமக்கிரியைக்காக நிலத்தில் குத்தி வரவழைத்தவைதான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது ஊர்க்கதை. ஏழுக்கும் ஏழு விதமான சூடு. மூட்டு நோவுக்காரர்களும் அங்கேதான் வாளியால் அள்ளி ஊற்றுவார்கள். அந்தியேட்டிக் கிரியைக்கும் அங்கேதான் வருவார்கள். நோவு மாறாவிட்டாலும் அலைச்சல் மிச்சம். இப்படி ஒரு வசதி வேறெந்த ஊரிலும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

முதுமைக்கு நான் கடைசியில் குருவாகப் பிடித்துக்கொண்டவர் ஒரு வெள்ளைக்காரர். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இந்தக் கோணேசர் மலையடியில்தான் சுழியோடி, மைக் வில்சனோடு சேர்ந்து பழைய கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார். அப்போது அவருக்கு 40 வயதும் ஆகவில்லை. 1962இல் போலியோ வந்து விழுத்தியது. பிற்காலத்தில் சக்கர நாற்காலி. மனுசன் அப்போதும் கடலுக்குள் இறங்கினார். தண்ணீருக்குள் எடையே இல்லை என்பதுதான் அவருக்குப் பிடித்த விசயம். கரையில் நிற்க முடியாதபோது கொழும்பில் மேசையைப் பிடித்துக்கொண்டு மேசைப்பந்து விளையாடினார். 2008இல் போகும்போது வயது 90.

அவரைக் குருவாகப் பிடித்த பிறகு நானும் விடியற்காலையில் டச்சுக் குடாவில் இறங்கி நிற்கத் தொடங்கினேன். இடுப்புவரை தண்ணீரில் நின்றால் உடம்பின் பாதிப் பாரம்தான் காலுக்கு. கழுத்துவரை போனால் ஏறக்குறையப் பத்திலொன்று. நான் 82 கிலோ. கழுத்தளவு தண்ணீரில் என் முழங்கால் சுமப்பது எட்டுக் கிலோ. அந்த எடையில் நான் கடைசியாக இருந்தபோது அம்மாவின் இடுப்பில் இருந்திருப்பேன். நீந்துவேன், மல்லாக்கக் கிடப்பேன், ஒற்றைக் காலில் நிற்பேன். பிறகு கரைக்கு ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் பத்துப் பதினைந்து கிலோவாக வயது திரும்பி வந்து ஏறிக்கொள்ளும். மணலுக்கு வந்து சேரும்போது பென்சன்காரன்.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு உப்புவெளிப் பக்கம் சைக்கிளில் போய் கரைவலை பார்ப்பேன். வள்ளம் போய் வலையை வளைத்துவிட்டு வரும்; இரண்டு கயிற்றுக்கும் இரண்டு கூட்டம் நின்று இழுக்கும். எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டு நிற்பது? ஒருநாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் கயிற்றில் கை வைத்தேன். முன்னால் நின்ற பொடியன் திரும்பிப் பார்த்தான்.

"அப்பு, நீங்க விலகுங்க. விழுந்திட்டா நாங்க வலையை விட்டிட்டு உங்களை இழுக்கோணும்."

சம்மாட்டிக்கு என்னைவிட வயது கூட. அவர்தான் இரக்கப்பட்டார். "அவரைக் கடைசியில விடு. இழுத்த கயிறைச் சுத்தட்டும்."

அது சும்மா வேலை இல்லை. ஈரக் கயிறு கனம். வட்டம் பிசகாமல் சுருட்டாவிட்டால் அடுத்த முறை வள்ளத்திலிருந்து விடும்போது சிக்கும். 38 வருசம் கோவைகளை ஒழுங்காகக் கட்டியவனுக்கு அது கைவந்துவிட்டது. இழுவையின் பாட்டுக்கு நானும் குரல் கொடுத்தேன், அரைத் தாளம் பிந்தித்தான். மடி கரைக்கு வந்தபோது உள்ளே வெள்ளியாகத் துள்ளியது அவ்வளவும் சூடை. சம்மாட்டி என் பங்கென்று இரண்டு கை அள்ளி ஒரு பையில் போட்டார்.

ஹாண்டிலில் பையைக் கொழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பையை வாங்கி எட்டிப் பார்த்தா.

"என்ன விலைக்கு வாங்கினீங்க?"

"வாங்கேல்ல. சம்பளம்."

சட்டியில் கொட்டி, ஒன்றை எடுத்துப் புரட்டினா. "சூடை கன முள்ளப்பா. நாளைக்குப் பாரை விழுற வலையாப் பாத்துச் சுத்துங்க."