பூர்வீகத் தீவுக்கு ஒரே டிக்கெட்

ஓய்வாக ஒரு தீவுக்குப் போகவேண்டும், அப்படியே பூர்வீக ஊரையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் சேலம், நாமக்கல்காரர்கள் அந்தமானுக்கும் பாலிக்கும் விலை விசாரிப்பது வீண். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடிக்க 1934இலேயே ஏற்பாடாகிவிட்டது. அந்த ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிந்தது. ஊர்கள் மூழ்கின, மக்கள் மேடேறினார்கள். இன்றும் தண்ணீர் வற்ற வற்றப் பண்ணவாடியில் பழைய தேவாலயக் கோபுரம் தலைகாட்டும். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி சேறு படிந்த முதுகோடு எழுந்து உட்காரும். சுற்றிலும் தண்ணீர், நடுவில் பாட்டன் ஊர். பரிசல் போதும், பாஸ்போர்ட் வேண்டாம்.

தங்க அறை இல்லையே என்பார்கள். ஓய்வுக்கு வருபவருக்குச் சுவர் எதற்கு? வீடே இல்லாததால் பங்காளித் தகராறு இல்லை. சொந்தக்காரர் இல்லாததால் சம்பள விசாரணையும் இல்லை. வேறெந்தப் பூர்வீக ஊர் இந்த நிம்மதியைத் தரும்? தேதி நிச்சயமில்லை என்பது மட்டும் நியாயமான குறை. அதற்குத்தான் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. அணை நிரம்பி 120 அடி என்றால் பயணம் ரத்து. வழக்கம்போல் ஜூன் 12இல் அணையைப் பாசனத்துக்குத் திறக்க வழியில்லை என்றால் பையைக் கட்டலாம். டெல்டாவில் குறுவை கருகும்போதுதான் இங்கே சீசன். மழை வேண்டிச் சாமி கும்பிடுவது ஊர் வழக்கம். இந்தச் சாமியைக் கும்பிடவோ மழை பொய்க்க வேண்டும். ஆகவே, மழைக்கு நேர்ந்துகொள்ளும் முன் பயணத் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.