மூன்று பேர் போதும்

வீடியோ கேம் விளையாடுவதை ஊர் உலகம் பார்க்கச் செய்யும் நேரலை மேடைகளைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று சில காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவின் மகன், எனக்கு மருமகன், மூன்று மாதமாக அந்த மேடையில் ஏறி நிற்கிறான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எங்கள் வழக்கம். அவனுக்கு இந்த மேடை இன்னும் உப்பிடவில்லை என்றாலும், அது செய்த நன்மைகளைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். நான் சொல்லப்போகும் புகழில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

முதற் புகழ் கொடைக்கு. ட்விட்சோ யூடியூப்போ வாசலில் நின்று காசு கேட்பதில்லை. கணக்குத் திறக்க ஒரு சதம் வேண்டாம். விளையாட்டையும் முகத்தையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளும் இலவசம். இப்படிச் சும்மா திறந்துவிட்ட வாசலுக்குள் போக அவன் வாங்கியவை கொஞ்சம்தான்: பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த பழைய கிராபிக்ஸ் கார்ட், ஒரு மைக், ஒரு கெமரா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பேரம் பேசி வாங்கிய வட்ட விளக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறியது. அந்த ஏற்றத்தின் சூடு இன்றும் ஒவ்வொரு கார்ட்டின் விலையிலும் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து அதற்கு மேல் 18 வீத வற் வரி. எல்லாம் அக்கா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு.

இணையச் செலவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு மூன்று மெகாபிட் வேகத்தில், நடுத்தரத் தெளிவில் அனுப்பினாலே ஒரு மணித்தியாலத்துக்கு 1.35 ஜி.பி. போகிறது. நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதம் 120 ஜி.பி.யைத் தாண்டும். பத்தொன்பதாம் திகதியே டேட்டா முடிந்துவிடும் வீட்டில், மிச்ச நாட்களுக்குத் தங்கச்சி தன் ரியூஷன் வகுப்பை அயல்வீட்டு வைஃபையில் பார்க்கிறாள். அயலவரோடு உறவை வளர்த்த புண்ணியமும் மேடைக்கே சேரட்டும்.

இரண்டாவது புகழ் சமத்துவத்துக்கு. எந்த ஊர், எந்தச் சாதி, எந்தப் பள்ளிக்கூடம் என்று மேடை கேட்பதில்லை. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. வரிசையில் பெரும்பாலும் நடப்பதும் ஒன்றுதான்: பார்க்கிறவர்கள் கூடியவர் மேலே, குறைந்தவர் கீழே. பல்லாயிரம் பேர் பார்க்கிற ஒருவரைக் காண விரலை அசைக்கவும் வேண்டாம். ஒருவரும் பார்க்காத பிள்ளையைக் காண வேண்டுமென்றால் விரல் வலிக்கும்வரை கீழே இழுத்துக்கொண்டே போக வேண்டும். பார்க்க ஆள் வேண்டுமென்றால் முதலில் பார்க்க ஆள் இருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும் என்று எங்கள் பாட்டிமார் சொன்னதை இவ்வளவு நேர்த்தியாகச் சட்டமாக்கியவர்கள் வேறு யாருமில்லை.

மூன்றாவது புகழ், கேட்பதிலும் சிக்கனமாகக் கேட்கும் பண்புக்கு. 2017இல் ட்விட்ச் புதியவர்களுக்கென்று அஃபிலியேட் திட்டத்தைத் தொடங்கியபோது வைத்த நிபந்தனைகளைப் பாருங்கள். 50 பேர் பின்தொடர வேண்டும். முப்பது நாளுக்குள் ஏழு வெவ்வேறு நாட்களில், மொத்தம் 500 நிமிடமாவது நேரலையில் இருக்க வேண்டும். சராசரியாக மூன்று பேர் பார்க்க வேண்டும். மூன்றே பேர்! வெள்ளவத்தையில் நான் இருக்கும் அடுக்குமாடியில் மின்தூக்கிக்குக் காத்து நிற்கிறவர்களே அதைவிடக் கூட. இதைவிடக் குறைத்து யார் கேட்பார்?

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஜம்பட்டா வீதிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவனுடைய அறைக் கதவைத் தள்ளினேன். "மாமா, கதைக்காதேங்கோ, லைவ்வில நிக்கிறன்" என்று கையைக் காட்டினான். சித்திரை வெயில் காய்ந்த அறை. மைக்கில் இரைச்சல் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தான். ஓட்டோச் சத்தத்துக்காக யன்னலையும் பூட்டியிருந்தான். அலுமாரியை மறைக்க அக்காவின் கட்டில் விரிப்பைக் கட்டியிருந்தான். முதுகில் சட்டை ஒட்டிக் கிடந்தது. முகம் மட்டும் சிரித்தபடி, "வணக்கம் ப்ரோ, எல்லாரும் எப்டி இருக்கீங்க?" என்று பேசிக்கொண்டிருந்தான். வீட்டில் "எப்பிடி இருக்கிறியள்" என்று கேட்கிற பிள்ளை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பார்த்தால்தான் எண்ணிக்கை ஏறும் என்று, ஒருவரும் கற்றுக்கொடுக்காமலே சென்னைத் தமிழைப் படித்துக்கொண்டான். ஒரு மொழிக்குள் இன்னொரு மொழியைக் கற்றுக்கொடுத்த ஆசானையும் நான் வணங்க வேண்டும். தன் வாயில் பிறந்த தமிழை மறைத்துவைக்கவும் அதே ஆசான்தான் கற்றுக்கொடுத்தார்.

திரையின் மூலையில் ஒரு சிறிய சிவப்பு அடையாளம், அதன் பக்கத்தில் ஓர் எண். ஒன்று. அந்த ஒன்று யாரென்று பிறகு கேட்டேன். கட்டிலில் கிடந்த தன்னுடைய போனைக் காட்டினான். சைபர் என்று கிடந்தால் வருகிறவர்களும் போய்விடுவார்களாம். நான் வெளியே வந்து என் போனில் அவனைத் தேடி எடுத்தேன். சற்று நேரத்தில் எண் மூன்றானது. மூன்றாவது ஆள் யார் என்று பார்க்க அடுப்படிக்குப் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. அரிசிப் பேணியில் போனைச் சாத்தி வைத்திருந்தா. சத்தம் வைக்கவில்லை. "எனக்கு உந்த விளையாட்டு ஒண்டும் விளங்காது தம்பி. நான் பாத்தா அவனுக்கு ஒண்டு கூடுமாம்" என்றா.

ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று இடத்தில் இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். குடும்பத்தை இப்படி ஒன்றுசேர்த்த பெருமை வேறு யாருக்கு உண்டு?

யூடியூப்பின் பெருமையையும் விடக்கூடாது. 2018இலிருந்து விளம்பரக் காசில் பங்கு தர அது வைத்த நிபந்தனை 1000 சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்துக்குள் 4000 மணித்தியாலப் பார்வை. எங்கள் மூன்று பேரையே வைத்துக் கணக்குப் போட்டேன். நாளுக்கு மூன்று மணித்தியாலம் நாங்கள் மூவரும் அசையாமல் இருந்து பார்த்தால் ஒன்பது மணித்தியாலம். 4000 சேர 445 நாள் வேண்டும். ஆண்டுக்கு 365 நாள்தான். நாளைக் குறைவாக வைத்தது சூரியனின் குற்றம். அந்த வாசலையும் தாண்டினால் நீண்ட வீடியோக்களின் விளம்பரத்தில் 55 வீதம் படைத்தவனுக்கு, 45 வீதம் மேடைக்கு. ட்விட்சில் சந்தாக் காசு வழமையாகப் பாதிக்குப் பாதி. உழைப்பில் முழுவதும் ஒருவருக்கு, வருமானத்தில் பாதி இருவருக்கும். 2014இல் அமேசன் ட்விட்சை 97 கோடி டொலருக்கு வாங்கியது. வியர்த்த சட்டைகளுக்கு இவ்வளவு விலை உண்டென்று உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள்.

ஒழுக்கத்துக்கும் ஒரு புகழ் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் வா, தவறாமல் வா என்பது புதியவர்களுக்குச் சொல்லப்படும் முதற் பாடம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்டில் இந்தப் பாடத்தைப் படிக்கப் பார்த்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இன்று மின்சாரம் இருக்கிறது. போனது நித்திரை. லண்டனில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பில் கோடையில் ஒன்றரை மணிக்கும் மாரியில் இரண்டரை மணிக்கும் விழித்திருக்க வேண்டும். மருமகன் அடுத்த தடவை உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். விடியப்புறம் எழும்பிப் படி என்று எத்தனை வருடம் சொன்னோம். விடியப்புறம் விழித்திருக்க வைத்தது மேடைதான்.

நிலையாமையைப் போதித்த ஞானத்தையும் சொல்ல வேண்டும். மைக்ரோசொஃப்ட் நடத்திய மிக்சர் என்ற மேடை 2020 ஜூலை 22ஆம் திகதி மூடப்பட்டது. அங்கே ஆண்டுக்கணக்காகக் கூட்டம் சேர்த்தவர்களுக்கு, ஃபேஸ்புக் பக்கம் போங்கள் என்று வழி காட்டினார்கள். வலையமைப்புக் கட்டணம் தாங்கவில்லை என்று ட்விட்ச் 2024 பெப்ரவரியில் தென்கொரியாவை விட்டே போனது. வாடகை வீட்டில் கிணறு வெட்டாதே என்று சித்தர்கள் சொல்லத் தவறியதை இவர்கள் செய்து காட்டினார்கள்.

கருவி விற்பவர்களுக்கும் என் வாழ்த்து. அதியமானுக்காகத் தூது போன ஒளவை, தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளவென்று இருந்ததைக் கண்டு புகழ்ந்தாளாம். நிறம் மாறி மாறி ஒளிரும் விசைப்பலகையும், சிம்மாசனம் போன்ற கதிரையும், வட்ட விளக்கும் வைத்த புதியவர்களின் மேசைகளைக் காணும்போது எனக்கு அந்த ஆயுதச்சாலைதான் நினைவுக்கு வருகிறது. போட்டிகளில் ஆடித் தேறிய பிள்ளைகளின் விசைப்பலகையில் எழுத்தே தேய்ந்திருக்கும்.

புகழ்ந்தது போதும். இனி நேராகச் சொல்கிறேன்.

நேரலை என்று பெயர் வைக்கும் முன்பே இந்தக் கலை எங்களிடம் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நெட் கஃபேக்களில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடினோம். காசு இருந்தவன் கதிரையில் இருப்பான். காசு முடிந்தவர்கள் பின்னால் நிற்பார்கள். "டேய், இடப்பக்கம் பார்", "குண்டு முடிஞ்சுது மச்சான்" என்று தோளைப் பிடித்து உலுக்குவார்கள். மோசமாக ஆடுகிறவனுக்கும் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அந்த மூன்று பேருக்கு யாரும் நிபந்தனை வைக்கவில்லை. மேடை முதலில் அவர்களைக் கதிரைக்குப் பின்னாலிருந்து கலைத்து ஆளுக்கொரு திரையோடு அனுப்பியது. இப்போது மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வா என்று பிள்ளையிடமே கேட்கிறது. நான் குறை சொல்வது இதைத்தான்.

மருமகனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆடுங்கள், பேசுங்கள், உங்கள் வீட்டுத் தமிழிலேயே பேசுங்கள். கருவியைக் கடைசியாக வாங்குங்கள். இருக்கிற போனில் தொடங்கலாம். கிழமைக்கு இரண்டு நாள் போதும். தனியாக வெற்றுத் திரையோடு பேசுவதைவிட இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்து ஆடுங்கள். பள்ளிக்கூடப் போட்டிகளுக்குப் போங்கள். உங்களைத் தேடி வந்து பார்ப்பவர்கள் அங்கே பழகினவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தச் சிவப்பு அடையாளத்துக்குப் பக்கத்தில் உள்ள எண் உங்களுக்கு விழுந்த புள்ளி அல்ல. வருமானம் வரும் என்று பரீட்சையை அடகு வைக்காதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. "உது ஒரு தொழிலோ" என்று கதவில் நின்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே போய்ப் பத்து நிமிடம் அவன் கதிரைக்குப் பின்னால் நில்லுங்கள். மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். என்ன ஆடுகிறான் என்று கேளுங்கள். பிறகு பதினொரு மணிக்கு நிறுத்திவிட்டுப் படு என்று சொல்லுங்கள். கூட நின்று பார்த்தவர் சொன்னால் பிள்ளை கேட்கும்.