அசோகவனத்துச் சீதைக்குக் கம்பளி கிடைத்ததா? ஒரு முன்னாய்வு

சீதையின் கற்பைப் பற்றி உரைகாரர்கள் எழுதியதை அடுக்கினால் ஒரு லயக் காம்பராவே நிரம்பிவிடும். அவளுக்குக் குளிரெடுத்ததா என்று கேட்டவர்களைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. நுவரெலியாவிலிருந்து பதுளைக்குப் போகும் வழியில், சீதாஎலிய ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. அசோகவனம் இதுதான் என்பது ஊர் வழக்கு. பாறையிலுள்ள குழிகளை அனுமனின் பாதம் என்று காட்டுவார்கள். 2024 மே மாதக் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நீரே வந்து சேர்ந்தது. தண்ணீர் அனுப்பிய அயோத்தி ஒரு போர்வையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம் என்பது இவ்வாய்வாளரின் பணிவான கருத்து.

இந்த ஆய்வு பிறக்கக் காரணம் என் தங்கச்சி மகள். அட்டனில் படிக்கிறாள், சீதையின் சிறைக்காலத்தைத் தன் போக்கில் ரசிகர் புனைவாக எழுதிக்கொண்டிருக்கிறாள். கதையில் பிழை வரக்கூடாது என்ற பிடிவாதம் வேறு. "மாமா, காலையில எழும்புனதும் சீதைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

கொடுக்க முடியாது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். சரி, கோப்பி கொடுக்கலாமென்றால் அதுவும் வெளிநாட்டுச் செடி. 1869இல் இலைநோய் தொடங்கிச் சில பத்தாண்டுகளில் படுத்துவிட்டது. இப்படித் தோண்டத் தோண்ட நுவரெலியாவே கையை விட்டுப் போய்விட்டது. கிரகரி வாவி 1873இல் வந்தது. அனுமன் தாவுவதற்கு அவள் தன் கதையில் நட்டுவைத்திருந்த யூக்கலிப்டஸ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவை. அசோக மரமோ தாழ்நாட்டு ஈரக்காட்டு மரம்; இந்த உயரத்துக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளாது. இம்மலைக்கு உரியதாகச் சிவப்பாகப் பூக்கும் மரம் வேண்டுமானால் ரோடடெண்ட்ரன் உண்டு. ஆக, கதைக்குத் துணிந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை நான்கு: ரோடடெண்ட்ரன், அட்டை, குரங்கு, குளிர்.

குளிருக்குச் சான்று தேடுவோம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை. சனவரி, பெப்ரவரி விடியலில் புல் மேல் வெள்ளையாகப் பனி உறையும், கொழுந்து கருகும். இனி வால்மீகிக்கு வருவோம். மழைக்காலம் கழிந்து, சுக்கிரீவன் ஒரு மாதத் தவணை கொடுத்து, அந்தத் தவணையும் தப்பிய பிறகே அனுமன் கடல் தாண்டுகிறான். மார்கழியை ஒட்டி வருகிறது. இராவணன் விதித்த பன்னிரண்டு மாதக் கெடுவில் அப்போது மிச்சம் இரண்டு மாதம். சரியாகப் பனி கொட்டும் பருவம்! அவள் உடுத்தியிருந்ததோ கசங்கிய மஞ்சள் பட்டு ஒன்றே. மேலாடை எங்கே என்றால், வரும் வழியில் நகைகளை அதில் முடிந்து வானரங்களிடம் போட்டுவிட்டாள். நகையைப் போட்டதில் பிழையில்லை. முந்தானையைக் கிழித்து அதில் முடிந்திருக்கலாம்.

கம்பரைப் பின்பற்றினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கம்பரும் ஒரு வகையில் ரசிகர் புனைவுக்காரர்தான். இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. பர்ணசாலையோடு ஒரு யோசனை அளவு நிலத்தையே பெயர்த்தெடுக்க வைத்தார். யோசனைக்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு. குறைந்தபட்சமாக 8 கிலோமீட்டர் என்றே வைப்போம். நீளம், அகலம், ஆழம் எல்லாம் எட்டென்றால் 512 கன கிலோமீட்டர். பாறையின் அடர்த்திப்படி எடை ஏறத்தாழ 1,38,000 கோடி டன். அதை அப்படியே சீதாஎலியவில் இறக்கினால் குடிசை வாசல் கடல் மட்டத்திலிருந்து 9,800 மீட்டருக்கு மேலே நிற்கும். எவரெஸ்ட் 8,849தான். கிலோமீட்டருக்கு 6.5 பாகை குறைகிறதென்ற கணக்கில் அங்கே வெப்பநிலை கழித்தல் 36. மூச்சுவிடவே வழியில்லாத இடத்தில் கம்பளி என்ன செய்யும்? இவ்வாய்வு கம்பரை வணங்கி விடைபெறுகிறது.

எதிர்த்தரப்பார் ஒரு சான்று வைத்திருக்கிறார்கள்: அனுமன் வைத்த தீயில் ஊரே வெந்தது, அதனால்தான் இங்கே மண் கறுப்பு, பிறகென்ன குளிர்? மண் கறுப்புத்தான். ஆனால் குளிர் பூமியில் இலைதழை மெதுவாகத்தான் மக்கும். மக்கு சேர்ந்து சேர்ந்து மண் கறுக்கும். ஆக அவர்கள் காட்டும் மண்ணே நம் கட்சிக்குச் சாட்சி. அதேபோல, இம்மலைகளில் திரியும் ஊதாமுக மந்திக்குத் தாழ்நாட்டு இனத்தானைவிட நீண்ட, அடர்ந்த ரோமம். வெள்ளைக்காரர்கள் அதைக் கரடிக் குரங்கு என்றே அழைத்தார்கள். குரங்குக்கே கம்பளி தேவைப்பட்ட மலை இது. மருந்து விடயத்திலும் ஒரு பொருத்தம் உண்டு. சஞ்சீவி மலையின் துண்டொன்று விழுந்ததாகச் சொல்லப்படும் ஹக்கலையில்தான் 1861இல் காய்ச்சல் மருந்துக்கென்று சிங்கோனா போட்டார்கள். காலிப் பக்கத்து ருமஸ்ஸலையும் அதே சஞ்சீவிக்கு உரிமை கோருகிறது; அந்த வழக்குக்குள் நாம் போகவேண்டாம்.

தங்கச்சி மகளின் கதை உலகத்தில் ஒரே ஒரு பகுதிக்கு ஆராய்ச்சியே தேவைப்படவில்லை: வானர சேனை மன்னாரிலிருந்து மலைக்கு வரும் வழி. கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காக நம் ஆட்கள் கடல் கடந்து, வன்னிக் காட்டினூடாக மாத்தளைவரை நடந்தே வந்தார்கள். வந்துசேராதவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் நாட்கணக்கில் மறித்துவைத்து நோய் பார்த்தே அனுப்பினார்கள். எழுபது வெள்ளம் வானரத்தையும் அப்படி மறித்திருந்தால் யுத்த காண்டமே தொடங்கியிருக்காது. சீதையைத் தோட்டத்தை விட்டு அனுப்பாததற்கும் அவளிடம் காரணம் இருந்தது: துண்டு இல்லை. கடனைத் தீர்த்துத் துண்டு வாங்காமல் ஓர் ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போகமுடியாத அந்த முறை 1921வரை இருந்தது. ஆகவே அவளுடைய கதையில் அனுமன் கொண்டுவந்த மோதிரத்தை அரக்கியர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது துண்டு இல்லையே" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். நான் படித்த சுந்தர காண்டங்களில் இவ்வளவு நம்பும்படியான காட்சி வேறில்லை.

கடைசியில் கம்பளிக்கு வந்தோம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் மழைக்கும் பனிக்கும் தலையோடு போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்தார்கள். விலையைச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். திரிசடை நல்லவள், ஸ்டோரிலிருந்து இரவோடிரவாக ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பாள் என்றேன். தங்கச்சி மகள் பேனையைக் கீழே வைத்தாள்.

"அது சரி மாமா, யாரு கணக்குல எழுதுறது? சீதை பேரு செக்ரோல்ல இல்லையே."

இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கும்பகர்ணன் பெயரில் பற்று எழுதிவிட்டாள். ஆறு மாதம் தூங்குகிறவன் சம்பள நாளில் வந்து கேட்கவா போகிறான்?