டேப்லெட்டைத் திருப்பும் கலை

  டிப்ஸ் விஷயத்தில் நேற்றைய எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

டாலஸில் ஒரு காபிக் கடை. குடுவையிலிருந்து காபியைப் பிடித்தது நான். பால் ஊற்றியது நான். மூடியை அமுக்கி விரலைச் சுட்டுக்கொண்டதும் நான்தான். கவுண்டரில் நின்ற பெண் செய்த சேவை, டேப்லெட்டை என் பக்கம் திருப்பியது. 18, 20, 25 சதவீதம், எது வேண்டும்?

அந்தத் திருப்பல் இருக்கிறதே, அது தனிக் கலை. திருப்பிய கையோடு அவர் பார்வை கூரைக்குப் போய்விடும். பின்னால் நிற்பவரின் பார்வை என் விரலுக்கு வந்துவிடும். 'வேண்டாம்' என்ற பொத்தான் அடியில் சாம்பல் நிறத்தில் பதுங்கியிருக்கும். நாமே தொகை போடலாம் என்றால் எண் பலகை வரும். கணக்குப் போடுவதற்குள் பின்னால் இருமல் கேட்கும். பல இடங்களில் விற்பனை வரி 8.25-ஐயும் சேர்த்துத்தான் சதவீதம் போடுகிறார்கள். வரிக்கு எதற்கய்யா டிப்ஸ்? அரசாங்கம் எனக்கு என்ன பரிமாறியது? பிறகு நாமெல்லாம் செய்வதுதான்: ரூபாயில் பெருக்கி, வயிறெரிந்து, 20-ஐ அழுத்திவிட்டு, காரில் ஏறியதும் திட்டுவது.

மேஜைக்குக் கொண்டுவந்து பரிமாறுகிறவர் கதை வேறு. டெக்சஸில் அவருக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் சட்டப்படி போதும். 1991-இல் வந்த தொகை. 'தளபதி' வெளியான வருஷம். ரஜினி தாத்தாவே ஆகிவிட்டார், 13 சென்ட் 14 ஆகவில்லை. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலர் தேறாவிட்டால்தான் மீதியை முதலாளி போட வேண்டும். ஆக, சம்பளத்தின் பெரும்பங்கு என் பையிலிருந்து போகிறது. லீவு கேட்க மட்டும் முதலாளியிடம் போகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் இந்தக் குறைச்சல் கிடையாது, சர்வருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி. சரி, டிப்ஸ் குறையுமா? அங்கேயும் அதே 18, 20, 25. பிரான்சில் மெனு விலையிலேயே சர்வீஸ் அடக்கம். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே இல்லை. அங்கெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

இங்கே கூட்டமாகப் போனால் இன்னொரு கூத்து. பல ஓட்டல்களில் ஆறு பேர் சேர்ந்தாலே 18 சதவீதம் பில்லில் தானாக ஏறிவிடும். அதற்குக் கீழே டிப்ஸ் எழுத மறுபடி ஒரு காலிக் கோடு. சனிக்கிழமை அண்ணன் குடும்பம் வருகிறது, மொத்தம் ஏழு பேர். நாலு பேர் ஒரு மேஜை, மூன்று பேர் ஒரு மேஜை என்று பிரிந்து உட்காரலாமே என்றேன். உட்காரலாமாம், என் மேஜைக்குத்தான் யாரும் வர மாட்டார்களாம்.